மண்ணுக்குள் சங்கைக் கண்ட அதிகாரி: எமர்சன் டெனன்ட்டின் இலங்கை

கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ தமிழர் வீடொன்றில் மரணம் நிகழ்ந்தால் சங்கும் சேமக்கலமும் ஒலிக்கும். மாடிக் குடியிருப்பில் அயலவருக்கு இடைஞ்சலாகி விடுமோ என்று இப்போதெல்லாம் சற்று அடக்கியே ஊதுகிறார்கள். ஆனாலும் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்து கொழும்பில் தங்கிவிட்ட பலருக்கு, ஊரை ஒரு கணத்தில் நினைவுக்குக் கொண்டுவர அந்த ஒலி போதும்.

அந்தச் சங்கு ஒரு கடல் நத்தையின் ஓடு. மன்னார்க் கடலிலும் யாழ்ப்பாணத் தீவுகளைச் சுற்றியுள்ள கடலிலும், ஆழம் குறைந்த மணல் தரையில் புழுக்களைத் தின்று வாழும் நத்தை அது. சுழியோடிகள் மூழ்கி அதை எடுத்து வருவதை எல்லோரும் அறிவோம். ஆனால் வடக்கில் சங்கு கடலில் மட்டும் எடுக்கப்பட்டதில்லை. நிலத்தைத் தோண்டியும் எடுத்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் கடலாக இருந்து பின்னர் கரையாகிப்போன மணலுக்குள்ளும், களப்பின் சேற்றுக்குள்ளும் புதைந்து கிடந்த பழஞ்சங்குகள் அவை. அவற்றைப் பற்றி எழுதி உலகம் அறியச் செய்தவர்களில் முக்கியமானவர், கொழும்பில் பிரித்தானிய ஆட்சியின் இரண்டாம் நிலை அதிகாரியாக இருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட்.

அவருடைய பெயர் இரண்டு காரணங்களுக்காக இன்றும் பேசப்படுகிறது. ஒன்று, 1859இல் வெளிவந்த அவரது இலங்கை பற்றிய பெரும் நூல். மற்றையது, 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சி. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் மனிதர் விளங்குவார்.

பெல்பாஸ்ட்டிலிருந்து கொழும்புக்கு

ஜேம்ஸ் எமர்சன் 1804 ஏப்ரல் 7ஆம் திகதி அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் ஒரு வணிகரின் மகனாகப் பிறந்தார். டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் படித்தார். இருபது வயதளவில், ஒட்டோமன் பேரரசுக்கு எதிராகக் கிரேக்கர் நடத்திய விடுதலைப் போர் அவரை ஈர்த்தது. கவிஞர் பைரன் உட்பட ஐரோப்பிய இளைஞர் பலரை இழுத்த போர் அது. எமர்சனும் கிரேக்கத்துக்குப் போனார். அங்கு கண்டதைப் புத்தகமாக எழுதினார். சிறிய மக்களினம் ஒன்று பேரரசுக்கு எதிராக எழுவதை அனுதாபத்தோடு பார்த்த இளைஞராகவே அவர் எழுத்துலகுக்குள் நுழைந்தார் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பின்னர் சட்டம் படித்தார். பெல்பாஸ்ட்டின் பெரும் செல்வந்தர்களில் ஒருவரான வில்லியம் டெனன்ட்டின் மகளை மணந்தார். 1832இல் மாமனார் கொலராவில் இறக்க, அவருடைய குடும்பப் பெயரையும் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார். அதே ஆண்டு பெல்பாஸ்ட்டின் பாராளுமன்ற உறுப்பினரானார். 1841 முதல் இந்திய விவகாரங்களைக் கவனித்த சபையின் செயலாளராக இருந்தார். 1845இல் சேர் பட்டம் பெற்று, இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராகக் கொழும்பில் வந்து இறங்கினார். தேசாதிபதிக்கு அடுத்த பதவி அது.

கொழும்பில் அவருக்குக் கிடைத்த ஒரு நட்பு அவருடைய எழுத்தை மாற்றியது. பெல்பாஸ்ட்டைச் சேர்ந்த இராணுவ வைத்தியர் ரொபர்ட் டெம்பிள்டன் அப்போது இங்கே பணியாற்றினார். பூச்சி, சிலந்தி, குரங்கு, பறவை என்று இந்தத் தீவின் உயிரினங்களைச் சேகரித்து ஆராய்ந்தவர் அவர். விலங்கியலில் பயிற்சி இல்லாத டெனன்ட், டெம்பிள்டனிடமும் மற்றைய இயற்கை ஆய்வாளர்களிடமும் கேட்டுக் கேட்டு எழுதினார். உத்தியோக வேலையாகப் போன இடமெல்லாம் பார்த்ததைக் குறித்தார். அவருடைய நூலில் இலங்கையின் சிப்பிகள், நத்தைகளின் நீண்ட பட்டியல் ஒன்று உண்டு. அதைத் தயாரித்துக் கொடுத்தவர் இங்கிலாந்தின் சிப்பி ஆய்வாளரான சில்வேனஸ் ஹான்லி.

1848: கண்டியில் இராணுவச் சட்டம், மட்டக்களப்பில் நிலவொளி

டெனன்ட் வந்த சில ஆண்டுகளில் இலங்கையின் கோப்பி வணிகம் சரிந்தது. அரசின் வருமானம் குறைந்தது. நிதி நிலைமை பற்றி டெனன்ட் நீண்ட அறிக்கை ஒன்றைத் தயாரித்தார். 1847இல் பதவியேற்ற தேசாதிபதி டொரிங்டன் பிரபுவும் அவரும் சேர்ந்து புதிய வரிகளை நடைமுறைப்படுத்தினார்கள். துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி. அதோடு, வீதி வேலைக்கு ஆண்டுக்கு ஆறு நாள் உழைப்பைக் கொடுக்க வேண்டும் என்ற கட்டளைச் சட்டம்.

1848 ஜூலையில் கொழும்பில் மக்கள் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். மாத்தளையிலும் குருணாகலிலும் அது கிளர்ச்சியாக வெடித்தது. ஜூலை 29 முதல் ஒக்டோபர் 10 வரை இராணுவச் சட்டம் நடைமுறையில் இருந்தது. புரன் அப்பு ஓகஸ்ட் 8ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். குடாபொல தேரர் என்ற பௌத்த துறவி காவியுடையோடு நிறுத்திச் சுடப்பட்டார். கிளர்ச்சி அடங்கிய பின்னரும் இராணுவ நீதிமன்றங்கள் தொடர்ந்தன. பலருடைய நிலங்களும் உடைமைகளும் பறிமுதலாயின.

இந்த நாட்களுக்கு நடுவே, 1848 செப்டெம்பரில், டெனன்ட் மட்டக்களப்பில் இருந்தார். வாவியின் அடியிலிருந்து இசை போன்ற ஒலி எழுவதாகக் கேள்விப்பட்டு விசாரித்தார். பாடும் மீன் என்று நாம் பெருமையோடு சொல்லும் அதே ஒலிதான். அங்குள்ள மீனவர்கள் அவருக்குச் சொன்ன விளக்கம் வேறு. மீன் பாடவில்லை, சிப்பிக்குள் வாழும் உயிர்தான் ஒலிக்கிறது என்றார்கள். வரண்ட காலத்தில் கேட்கும், மழை வெள்ளம் வாவியில் சேர்ந்தால் நின்றுவிடும் என்றும் சொன்னார்கள். அவர்கள் சொன்ன பெயரை அவர் ஆங்கில எழுத்தில் குறித்தார். உச்சரிப்புச் சிதைந்திருந்தாலும் ஊரி என்ற சொல் அதில் தெளிவாகத் தெரிகிறது. அழும் ஊரி என்பதே அதன் பொருள் என்று விளங்கிக்கொண்டார். மீனவர்கள் உயிரோடு கொண்டுவந்து காட்டியவை சிறிய நத்தை இனங்கள். அவற்றை விஞ்ஞானப் பெயரோடு பதிவு செய்தார்.

நிலவொளியில் தோணியில் போய்த் தானும் கேட்டார். அந்த ஒலி நத்தையினுடையதா மீனினுடையதா என்பது பின்னரும் விவாதிக்கப்பட்ட விடயம். நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. வாவியின் உயிர்களை நன்கு அறிந்த தமிழ் மீனவர்களின் சொல்லை அவர் மூடநம்பிக்கை என்று ஒதுக்கவில்லை. காது கொடுத்தார், சோதித்தார், எழுதினார். ஆனால் அதே மாதத்தில் மலைநாட்டின் மக்கள் வரிச்சுமை பற்றிச் சொன்னதற்கு அவர் அங்கம் வகித்த அரசு காது கொடுக்கவில்லை. மீனவர்களின் பெயர்களையும் அவர் எழுதி வைக்கவில்லை.

வடக்கின் பழஞ்சங்குகள்

வடக்குக் கரையைப் பற்றி எழுதும்போது டெனன்ட் ஒரு கேள்வியைக் கையில் எடுத்தார். இந்த நிலம் எப்படி உருவானது? கரையோரத்தில் மணலும் பவளமும் சிப்பியும் ஒட்டிப் பாறைபோல் இறுகியிருப்பதை அவர் கவனித்தார். கடல் மட்டத்துக்கு மேலே, கரைக்கு உள்ளே, இன்றும் கடலில் வாழும் இனங்களின் ஓடுகள் புதைந்து கிடந்தன. அவற்றுள் சங்கும் இருந்தது. சங்கைத் தோண்டி எடுத்து, வளையல் அறுப்பதற்காக இந்தியாவுக்கு ஏற்றுமதி செய்யும் அளவுக்கு அது கிடைத்தது என்று பதிவு செய்தார். உயிருள்ள நத்தைக்குக் கடலே வீடு. அதன் ஓடு நிலத்துக்குள் கிடக்கிறது என்றால், அந்த நிலம் முன்னர் கடலாக இருந்திருக்க வேண்டும். ஆகவே கரை உயர்ந்திருக்கிறது அல்லது கடல் பின்வாங்கியிருக்கிறது என்ற முடிவுக்கு இந்த ஓடுகளே சாட்சி.

வளையல் வணிகம் பெரியது. வங்காளத்தில் திருமணமான இந்துப் பெண்கள் சங்கு வளையல் அணிவார்கள். டாக்காவின் சங்கு அறுக்கும் தொழிலாளருக்கு மன்னார் வளைகுடாவிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் சங்கு போனது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் எல்லோரும் சங்கு குளிப்பின் வருமானத்தில் கண் வைத்திருந்தார்கள். டெனன்ட்டுக்கு அரை நூற்றாண்டுக்குப் பின்னர், சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹோர்ணல் 1914இல் சங்கு பற்றித் தனி நூலே எழுதினார். உயிருள்ள சங்கின் ஓடு பளபளப்பாகவும் உறுதியாகவும் இருக்கும். மண்ணுக்குள் நெடுங்காலம் கிடந்தது நிறமும் மினுக்கமும் இழந்து, விலையும் குறைந்திருக்கும்.

டெனன்ட் கண்டதற்கு இன்று கூடுதல் விளக்கம் உண்டு. கடைசிப் பனியுகம் உச்சத்தில் இருந்தபோது கடல் இன்றைக்கு விடச் சுமார் 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணை ஆழம் குறைந்தது என்பதால், அப்போது இலங்கையும் தமிழகமும் ஒரே நிலமாக இருந்தன. பனி உருகக் கடல் ஏறியது. சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன்னர் இன்றைய மட்டத்தை விட ஒன்றிரண்டு மீற்றர் உயரமாகவே நின்றது. தாழ்வான கரைகளும் களப்பு ஓரங்களும் அப்போது கடலின் பகுதி. கடல் மெல்ல இறங்கியபோது அங்கு வாழ்ந்த நத்தைகளின் ஓடுகள் மணலாலும் சேற்றாலும் மூடப்பட்டன. இந்த ஓடுகள் இன்னும் கல்லாகவில்லை. ஆகவே இவற்றை முழுமையான புதைபடிவம் என்று சொல்வதில்லை, அரைப் புதைபடிவம் என்பதே பொருத்தம்.

முழுமையாகக் கல்லானவை அதற்கும் கீழே இருக்கின்றன. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடித்தளமான சுண்ணக்கல், மயோசீன் என்ற காலத்தில் ஆழமற்ற வெதுவெதுப்பான கடலில் படிந்தது. அதன் வயது கோடி ஆண்டுக் கணக்கில் வரும். அந்தக் கல்லில் பல இடங்களில் நத்தையின் ஓடு கரைந்துபோய், அதன் அச்சு மட்டும் எஞ்சியிருக்கும். ஓட்டிலும் பவளத்திலும் உள்ள அதே சுண்ணாம்புப் பொருளால் ஆன நிலம் என்பதால் இங்கே சுவடுகள் ஓரளவு தப்பின. ஆனால் இரணைமடு போன்ற இடங்களில் பரந்திருக்கும் பழைய செம்மணலில் மழைநீர் ஊறிச் சுண்ணாம்பைக் கரைத்துவிடுவதால் ஓடுகள் எளிதில் தப்புவதில்லை. அங்கே எஞ்சியவை கற்கால மனிதரின் கல் ஆயுதங்கள்.

டெனன்ட் எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார் என்று இல்லை. இலங்கை இந்தியாவிலிருந்து பிரிந்த துண்டு என்ற மரபை அவர் ஏற்கவில்லை. இங்குள்ள உயிரினங்கள் சில இந்தியாவில் இல்லை என்பதைக் காரணம் காட்டினார். யாழ்ப்பாணக் குடாநாடு நீரோட்டம் கொண்டுவந்த மணலும் பவளமும் சேர்ந்து உருவானது என்று எண்ணினார். அதன் கீழே இருந்த பழைய சுண்ணக்கல்லின் வயது 1923இல் வேலண்ட், டேவிஸ் ஆகியோரின் ஆய்வுடன்தான் தெளிவானது. ஆனால் அவருடைய வழிமுறை சரியானது. மண்ணில் என்ன கிடக்கிறது என்று பார்ப்பது, அங்குள்ளவரிடம் கேட்பது, அதற்குப் பிறகு முடிவு சொல்வது.

நிலத்துக்கு ஒரு முறை, மக்களுக்கு வேறொரு முறை

மக்களின் வரலாற்றை எழுதும்போது அவர் இந்த வழிமுறையைக் கைவிட்டார் என்பதே தமிழ் வாசகருக்கு உறுத்தும் இடம். ஜோர்ஜ் டேர்னர் 1837இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட மகாவம்சம் டெனன்ட்டின் காலத்து ஆங்கிலேயருக்குப் பெரும் கண்டுபிடிப்பாக இருந்தது. அவருடைய வரலாற்றுப் பகுதியின் முதுகெலும்பும் அதுதான். தமிழரை மலபார்கள் என்றே அந்தப் பகுதியில் குறித்தார். வெளியிலிருந்து மீண்டும் மீண்டும் படையெடுத்து வந்து அழித்தவர்களாகவே அவர்கள் அங்கே தோன்றுகிறார்கள். ஒரு நூலின் சாட்சியத்தை இன்னொரு சாட்சியத்தோடு ஒப்பிடும் வேலை அங்கே நடக்கவில்லை.

ஆனால் தான் நேரில் கண்ட தமிழரைப் பற்றி எழுதும்போது அவருடைய குரல் மாறுகிறது. யாழ்ப்பாண விவசாயிகளின் உழைப்பையும் தோட்டச் செய்கையையும் பாராட்டினார். புத்தூரின் வற்றாத கிணறு, அதாவது நமது நிலாவரை, மேலே நன்னீரும் கீழே உவர்நீருமாக இருப்பதை வியந்து விவரித்தார். வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் நடத்திய உயர்கல்வி நிலையத்தை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பிடத்தக்கதாக மதித்தார். கண்ணால் கண்டபோது உழைப்பாளிகளாகவும் கல்வியாளராகவும் தெரிந்தவர்கள், நூலில் படித்தபோது அந்நியராகினர்.

அந்த நூல் இரண்டு தொகுதிகளாக 1859இல் லண்டனில் வெளிவந்தது. குறுகிய காலத்தில் ஐந்து பதிப்புகள் கண்டது. ஆங்கிலம் படித்த உலகம் நீண்ட காலம் இலங்கையை அந்த நூல் வழியே பார்த்தது. நத்தையும் யானையும் பற்றிய குறிப்புகளோடு, மலபார்கள் என்ற சொல்லும் அதே நூலில்தான் பயணம் செய்தது. இருபதாம் நூற்றாண்டில் இந்தத் தீவில் யார் வந்தேறிகள் என்ற வாதம் எவ்வளவு இரத்தத்தைக் குடித்தது என்பதை நாம் அறிவோம். அதற்கு டெனன்ட் ஒருவரைக் காரணமாக்க முடியாது. ஆனால் நிலத்தைப் பற்றி எழுதும்போது அவ்வளவு கவனமாக இருந்த ஒருவரின் நூலே அந்த ஒருபக்கப் பார்வைக்கும் வாகனமானது என்பது உண்மை.

விசாரணை நடந்தது, பதவிகள் மாறின

1848இன் கொடுமைகள் லண்டன் பாராளுமன்றத்தை எட்டின. கொழும்பில் பத்திரிகை நடத்திய வைத்தியர் கிறிஸ்தோபர் எலியட் போன்றோரின் எழுத்து அதற்கு உதவியது. 1849இலும் 1850இலும் பாராளுமன்றக் குழு விசாரித்தது. தேசாதிபதி டொரிங்டன் பதவியை இழந்தார். டெனன்ட்டும் இலங்கையை விட்டுப் போக நேர்ந்தது. அதிகாரிகள் ஒருவரை ஒருவர் குற்றம் சாட்டிய கடிதங்கள் வெளியே வந்தன. சுடப்பட்டவர்களுக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. ஆணைக்குழுக்களையும் அறிக்கைகளையும் பார்த்துச் சலித்த நமது வாசகருக்கு இந்த முடிவு புதிதாக இருக்காது.

டெனன்ட்டுக்கு சென்ட் ஹெலினாத் தீவின் ஆளுநர் பதவி வழங்கப்பட்டது. அதற்கு அவர் போகவில்லை. மீண்டும் பாராளுமன்றம் சென்றார். 1852 முதல் 1867 வரை பிரித்தானிய வர்த்தக சபையின் செயலாளராகப் பணியாற்றினார். இலங்கையில் சேர்த்த குறிப்புகளை வைத்துக்கொண்டு எழுதிய ஆண்டுகள் இவை. 1861இல் இலங்கையின் இயற்கை வரலாற்றைத் தனி நூலாக விரித்து வெளியிட்டார். 1862இல் ரோயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1867இல் பரம்பரைப் பட்டமும் கிடைத்தது. 1869 மார்ச் 6ஆம் திகதி லண்டனில் தமது 64ஆவது வயதில் இறந்தார். இலங்கையில் அவர் வாழ்ந்தது ஐந்து ஆண்டுகள்தான். பெயர் நிலைத்தது அந்த ஐந்து ஆண்டுகளால்.

இன்று அந்த மண்

டெனன்ட் பார்த்த கரைகளில் நமது மக்கள் பிற்காலத்தில் வேறு காரணத்துக்காக மண்ணைத் தோண்டினார்கள். கிளாலியில் களப்பைக் கடந்தவர்களும், 2009இல் முல்லைத்தீவின் கடற்கரை மணலில் பங்கர் வெட்டியவர்களும் அந்த மண்ணை உள்ளங்கையால் அறிந்தவர்கள். மண்வெட்டியில் தட்டுப்பட்ட சங்கோட்டையும் ஊரியையும் எடுத்துப் பார்க்க அப்போது யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

போருக்குப் பிறகும் தோண்டுதல் நிற்கவில்லை. காங்கேசன்துறையில் சீமெந்துக்காக உடைத்த சுண்ணக்கல்லின் பெருங்குழிகள் இன்னும் இருக்கின்றன. வடமராட்சி கிழக்கில் மணல் அள்ளுவதற்கு எதிராக மக்கள் குரல் கொடுத்து வருகிறார்கள். பூநகரி பொன்னாவெளியில் சுண்ணக்கல் அகழும் திட்டத்தை எதிர்த்து ஊர்மக்கள் போராடினார்கள். கல் போனால் உவர்நீர் ஏறிவிடும் என்பது அவர்களுடைய முதல் அச்சம், நியாயமான அச்சம். அதோடு போவது இன்னொன்றும் உண்டு. அந்த மண்ணும் கல்லும் கடல் எங்கே நின்றது, கரை எப்போது உருவானது, மனிதர் எப்போது வந்தார்கள் என்பதற்கான பதிவேடு. ஒருமுறை அள்ளிவிட்டால் மீண்டும் அடுக்க முடியாது.

ஒரு சங்கோடு தமிழா சிங்களமா என்று சொல்லாது. அதை வைத்து எவரும் காணி உறுதி எழுத முடியாது. ஆனால் நிலத்தின் வரலாறு பற்றி யார் பேசினாலும், மண்ணில் உள்ள ஆதாரத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்ற ஒழுங்கை அது கற்றுத் தருகிறது. தொல்லியல் என்ற பெயரில் வடக்கு கிழக்கில் நிலம் பற்றிய தகராறுகள் தொடரும் இந்த நேரத்தில் அந்த ஒழுங்கு எல்லாத் தரப்புக்கும் தேவை.

மீள்குடியேறிய காணியில் கிணறு வெட்டும்போதோ அத்திவாரம் தோண்டும்போதோ சங்கோ ஊரியோ நத்தை அச்சுப் பதிந்த கல்லோ கிடைத்தால், எறிந்துவிட வேண்டாம். எந்தக் காணியில், எத்தனை அடி ஆழத்தில், எந்த நிற மண்ணில் கிடந்தது என்று குறித்து, எடுப்பதற்கு முன்னர் ஒரு படம் எடுத்து வைத்து, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் புவியியல் அல்லது தொல்லியல் படிப்பவர்களிடம் காட்டலாம். டெனன்ட்டுக்கு ஊரியைக் காட்டிய மட்டக்களப்பு மீனவர்களின் பெயர் எங்கும் இல்லை. இனிக் கிடைப்பவற்றுக்காவது, கண்டெடுத்தவரின் பெயரையும் சேர்த்தே எழுதி வைப்போம்.